சந்தில் நிற்கும் சாஃப்ட்னர்: மேற்குப் புறநகர் வீடுகளின் குழாய்க் கணக்கு

அம்பத்தூர் 2011-இல் சென்னை மாநகராட்சியோடு இணைக்கப்பட்டது; ஆவடி 2019-இல் தனி மாநகராட்சியாக உயர்ந்தது; பூந்தமல்லி திருவள்ளூர் மாவட்டத்தின் நகராட்சிகளில் ஒன்று. நிர்வாகத்தில் இப்படிப் பிரிந்து கிடந்தாலும், வீட்டுக்குள் வந்து சேரும் தண்ணீரைப் பொறுத்தவரை இம்மூன்று ஊர்களின் நிலையும் ஏறக்குறைய ஒன்றே. தெருக்குழாயில் முறை வைத்து வரும் நல்ல தண்ணீர், மனைக்குள் தோண்டிய போர் தண்ணீர், கோடையில் விலைக்கு வாங்கும் லாரித் தண்ணீர், குடிப்பதற்கென்று இருபது லிட்டர் கேன் என மூன்று நான்கு வகைத் தண்ணீர் ஒரே வீட்டில் புழங்குகிறது. இவற்றுள் முதல் மூன்றும் பெரும்பாலும் தரைக்கடியிலுள்ள ஒரே சம்ப்பிலோ ஒரே மாடித் தொட்டியிலோ கலந்துவிடுகின்றன. கலந்த பிறகு அதைத் திருத்துவதற்குத்தான் பல்லாயிரம் ரூபாய்க்குக் கருவிகள் வாங்கப்படுகின்றன.

இதில் ஒரு முரண் உண்டு. பூந்தமல்லியின் மேற்கே செம்பரம்பாக்கம் ஏரியை ஒட்டி நாளொன்றுக்கு 530 மில்லியன் லிட்டர் சுத்திகரிக்கும் திறனுள்ள நிலையம் 2007 முதல் இயங்குகிறது. அம்பத்தூரின் வடக்கே புழலில் 300 மில்லியன் லிட்டர் திறனுள்ள இன்னொரு நிலையம் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டு வறட்சியில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் ஏற்றி வந்த காவிரித் தண்ணீர் இறக்கப்பட்டதும் இவ்வூர்களுக்கு அண்டையிலுள்ள வில்லிவாக்கத்தில்தான். நகரத்துக்கான தண்ணீர் இருபுறமும் ஓடியும், இடைப்பட்ட எத்தனையோ தெருக்கள் இன்றும் போரை நம்பியே இருக்கின்றன.

அந்தப் போர் தண்ணீரின் குணம் நிலத்தின் குணம். ஆவடி, அம்பத்தூர் வட்டாரத்தின் அடியில் கோண்ட்வானாக் காலத்துக் களிப்பாறைகளும் அவற்றின் மேல் ஆற்றுவண்டலும், புழலை நோக்கிச் செல்லச் செல்ல இரும்பு செறிந்த செம்பூரான் கல்லும் உள்ளன. இவற்றினூடே ஊறிவரும் தண்ணீர் கால்சியம், மக்னீசியம் உப்புகளைக் கரைத்துக்கொள்கிறது. இவ்விரண்டின் அளவையே கடினத்தன்மை என்பர்; அது லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்டுக்கு நிகர் என்று குறிக்கப்படுகிறது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரமான ஐஎஸ் 10500, கடினத்தன்மைக்கு 200 மில்லிகிராமை ஏற்கத்தக்க அளவாகவும், வேறு நீராதாரம் இல்லாதபோது 600 மில்லிகிராம் வரை பொறுக்கத்தக்கதாகவும் வகுத்துள்ளது. கரைந்துள்ள எல்லா உப்புகளின் மொத்தத்தைக் குறிக்கும் டிடிஎஸ் அளவுக்கு அதே தரம் 500, 2,000 என்னும் இரு வரம்புகளைத் தருகிறது. டிடிஎஸ்ஸும் கடினத்தன்மையும் வேறு வேறு என்பது விற்பனையாளர் பேச்சில் பெரும்பாலும் மறைந்துவிடுகிறது. வீட்டுக்காரர் தவறான கருவியை வாங்குவதற்கு முதற்காரணம் இதுவே.

கடினத்தன்மையின் தடயங்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஷவரின் துளைகளில் வெள்ளைப் படிவு அடைத்து நீர் கோணல்மாணலாகத் தெறிக்கும். எவர்சில்வர் குடத்தின் உட்புறம் சாம்பல் பூத்தாற்போல மாறும். சோப்பு நுரைக்காமல் திரிதிரியாகத் திரளும். கீஸரின் சூடேற்றும் கம்பியில் ஓடுபோலப் படிந்த சுண்ணாம்பு வெப்பத்தை நீருக்குப் போகவிடாமல் தடுக்க, கம்பி தன் சூட்டிலேயே வெடிக்கும். நீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட் சூடுபட்டதும் கரையாத கார்பனேட்டாக மாறிப் படிவதே இதற்குக் காரணம். ஆகவே குளிர்நீர்க் குழாயைவிடக் கீஸரும் துவைக்கும் இயந்திரமும் முதலில் கெடுகின்றன.

முதலில் குழாய்களைப் பிரித்தல்

கருவி எதையும் வாங்குவதற்கு முன் செய்யத்தக்க வேலை, வீட்டின் தண்ணீரை இரண்டு வழிகளாகப் பிரிப்பதாகும். தெருக்குழாயில் வரும் மெட்ரோ தண்ணீரும் லாரித் தண்ணீரும் சம்ப்பில் இறங்கி, சிறு மோட்டாரால் மாடியிலுள்ள ஒரு சிறிய தொட்டிக்கு ஏறி, அங்கிருந்து சமையலறைக்கு மட்டும் தனிக்குழாயில் இறங்க வேண்டும். போர் தண்ணீர் சம்ப்பைத் தொடாமல் நேரே பெரிய தொட்டிக்கு ஏறிக் குளியலறை, கழிப்பறை, துணி துவைக்கும் இடம் ஆகியவற்றுக்குப் போக வேண்டும். சென்னையின் பழைய குடியிருப்புகளில் சமையல் மேடைக்கு மேல் இரண்டு குழாய்கள் அருகருகே நிற்பது இந்த ஏற்பாட்டின் அடையாளம். புதிதாகக் கட்டும் வீடுகளில், செலவைக் குறைப்பதாக எண்ணி ஒரே தொட்டி, ஒரே இறக்குக்குழாய் என்று முடித்துவிடுகிறார்கள். சுவருக்குள் ஒரு முக்கால் அங்குலக் குழாயை மிச்சப்படுத்தியவர், பிறகு ஆண்டுதோறும் வடிப்பானின் கார்ட்ரிட்ஜுக்கும் ஆர்ஓ கருவியின் மெம்ப்ரேன் என்னும் சவ்வுக்கும் பணம் கட்டுகிறார்.

இரண்டு வழிகளையும் அவசரத்துக்கு உதவட்டும் என்று ஒரு கேட் வால்வால் இணைத்து வைக்கும் வழக்கம் ஆபத்தானது. வால்வின் உள்ளே சிறிது தேய்ந்தாலும் அழுத்தம் கூடிய பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்கு நீர் கசியும். போர் தண்ணீர் குடிநீர்க் குழாய்க்குள் போவதை யாரும் அறியமாட்டார்கள். தெருக்குழாயோடு மோட்டாரை நேரடியாக இணைத்து உறிஞ்சுவது அதனினும் மோசம். முறைவைத்து நீர் விடும் ஊரில், உறிஞ்சப்படும் குழாய்க்குள் அழுத்தம் வெளியழுத்தத்தைவிடக் குறைந்து, அருகில் ஓடும் சாக்கடைநீர் இணைப்புகளின் இடுக்கு வழியாக உள்ளே வரும். தடைசெய்யப்பட்ட இப்பழக்கத்தால் பாதிக்கப்படுவது உறிஞ்சுகிற வீடு மட்டுமன்று, அந்தத் தெரு முழுவதும்.

கருவிக்கு உரிய இடம்

கடினத்தன்மையை நீக்கும் சாஃப்ட்னர் என்பது, சோடியம் அயனிகளைச் சுமந்திருக்கும் ரெசின் என்னும் நுண்மணிகள் நிரம்பிய உருளைக் கலம். நீர் அதனூடே போகும்போது கால்சியமும் மக்னீசியமும் மணிகளில் ஒட்டிக்கொள்ள, அவற்றுக்கு ஈடாகச் சோடியம் நீருக்குள் இறங்குகிறது. ஆகவே உப்பின் மொத்த அளவு குறைவதில்லை, வகை மட்டுமே மாறுகிறது. சாஃப்ட்னர் வைத்த பின்பும் டிடிஎஸ் மீட்டர் பழைய எண்ணையே காட்டுகிறதென்று சண்டைக்குப் போகிறவர்கள் இதை அறியாதவர்கள். நீக்கப்படும் ஒவ்வொரு 100 மில்லிகிராம் கடினத்தன்மைக்கும் 46 மில்லிகிராம் சோடியம் சேர்வதால், 600 மில்லிகிராம் கடினத்தன்மையுள்ள போர் தண்ணீர் மென்மையாகி வரும்போது லிட்டருக்கு 276 மில்லிகிராம் சோடியம் கூடியிருக்கும். குளிக்கவும் துவைக்கவும் இதனால் குறையில்லை. இரத்தக்கொதிப்புள்ளவர் இருக்கும் வீட்டில் அதையே குடிக்கவும் சமைக்கவும் பயன்படுத்துவது தகாது.

வெளிநாட்டுக் கையேடுகள் இக்கருவியை வீட்டுக்குள் நீர் நுழையும் முதற்குழாயில் வைக்கச் சொல்கின்றன. அங்கே தெருக்குழாயிலேயே இரவும் பகலும் நல்ல அழுத்தம் இருக்கிறது. இங்கே வீட்டின் அழுத்தத்தைத் தருவது மாடித் தொட்டியின் உயரம். பத்து மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ ஒரு பார் என்பது கணக்கு. பார் என்பது அழுத்தத்தின் அலகு. காற்றுமண்டலம் கடல்மட்டத்தில் தரும் அழுத்தத்துக்கு ஏறத்தாழ ஈடானது. தரைத்தளம் மட்டுமுள்ள வீட்டில் தொட்டிக்கும் குளியலறைக் குழாய்க்கும் இடையே மூன்று நான்கு மீட்டர்தான் இருக்கும், அதாவது 0.3 அல்லது 0.4 பார். சாஃப்ட்னரின் ரெசினைப் பின்னோக்கிக் கழுவவும் உப்புநீரை உறிஞ்சவும் ஒன்றரை பார் அளவுக்காவது அழுத்தம் வேண்டும். ஆதலால் தொட்டியிலிருந்து இறங்கும் குழாயில் கலத்தைப் பொருத்திவிட்டுக் குளியலறையில் நீர் நூலாக வருகிறதென்று வருந்துவதில் பயனில்லை. மேற்குப் புறநகரின் பெரும்பாலான தனிவீடுகளில் அதற்கு உரிய இடம், போர் மோட்டாரிலிருந்து மாடித் தொட்டிக்கு ஏறும் டெலிவரி லைன். மோட்டாரின் அழுத்தமே அங்கே கருவியை இயக்கிவிடும். அரை கிரவுண்டு மனையில் வீட்டுக்கும் மதிலுக்கும் நடுவே விடும் மூன்றடிச் சந்து இதற்குப் போதும். வெயில் நேரே விழாதபடி மேலே ஒரு தகடு வேய்ந்தால் கலமும் வெள்ளை யூபிவிசி குழாய்களும் நெடுநாள் உழைக்கும்.

ஆனால் அந்த இடத்துக்கு வேறொரு விலை உண்டு. விற்பனைச் சீட்டில் அது எழுதப்படுவதில்லை. 25 லிட்டர் ரெசின் கொண்ட கலம் மணிக்கு ஏறத்தாழ 1,000 லிட்டரைத்தான் ஒழுங்காக மென்மையாக்கும். ஒரு குதிரைத்திறன் சப்மெர்சிபிள் மோட்டாரோ, ஆழத்தைப் பொறுத்து, மணிக்கு 2,000 லிட்டருக்கு மேல் தள்ளக்கூடும். அயனிகள் இடம் மாறுவதற்கு முன்பே நீர் கலத்தைக் கடந்துவிட, தொட்டியில் பாதிக் கடினத்தன்மை அப்படியே நிற்கும். கருவி மட்டம் என்ற பேச்சு எழும். எனவே கலத்தின் அளவைக் குடும்பத்தின் தேவையைக் கொண்டு மட்டும் தீர்மானிக்காமல், ஒரு பெரிய வாளி எத்தனை விநாடியில் நிறைகிறதென்று பார்த்து மோட்டாரின் வேகத்தைக் கொண்டும் தீர்மானிக்க வேண்டும். பெரிய கலம் கட்டாதென்றால், போர் தண்ணீரைத் தரைமட்டத்தில் ஒரு தொட்டியில் விட்டு, அங்கிருந்து சிறிய பிரஷர் பம்ப்பால் மெதுவாகக் கலத்தின் வழியே மேலே ஏற்றலாம்; இதற்கு இடமும் மின்சாரமும் கூடுதலாகச் செலவாகும்.

குடும்பத் தேவையின் கணக்கு எளியது. நகர்ப்புறக் குடிநீர்த் திட்டங்கள் கொள்ளும் ஆளுக்கு 135 லிட்டர் என்னும் அளவுப்படி நான்கு பேருக்கு நாளொன்றுக்கு 540 லிட்டர். கடினத்தன்மை 600 எனில் அன்றாடம் நீக்கவேண்டிய சுமை 324 கிராம். ஒரு லிட்டர் ரெசின் ஏறத்தாழ 50 கிராம் சுமையை ஏற்கும் என்று கொண்டால் 25 லிட்டர் கலம் நான்கு நாளுக்குள் நிறைந்துவிடும். அதன்பின் கல்லுப்புக் கரைசலைச் செலுத்தி, ஒட்டியிருக்கும் கால்சியத்தைக் கழற்றி மறுபடியும் சோடியத்தை ஏற்ற வேண்டும். இதையே ரெசினைப் புதுப்பித்தல் என்பர். ஒவ்வொரு முறைக்கும் நான்கு கிலோவை ஒட்டி உப்பு வேண்டுமாதலால், மாதத்துக்கு 30 கிலோ உப்பு வாங்கிச் சுமக்க வீட்டில் ஆள் உண்டா என்பதும் கருவியைத் தேர்ந்தெடுக்கும்போது கேட்கவேண்டிய கேள்விதான். கழிப்பறைத் தொட்டிக்கும் தோட்டத்துக்கும் போகும் நீரைக் கலத்துக்கு முன்பாகவே டீ என்னும் மும்முனை இணைப்பு ஒன்றை வைத்துப் பிரித்துவிட்டால் சுமை கணிசமாகக் குறையும். சோடியம் ஏறிய நீர் மண்ணை இறுக்கிவிடுமாதலால் கறிவேப்பிலைக்கும் முருங்கைக்கும் அது ஆகாது.

கலத்தின் இருபுறமும் குழாயை இணைக்கும் முறையில் பிளம்பரின் தேர்ச்சி தெரிந்துவிடும். உள்நுழைவுக் குழாயில் ஒரு பால் வால்வு, வெளியேறும் குழாயில் ஒன்று, இரண்டையும் கலத்தைத் தொடாமல் இணைக்கும் குறுக்குக் குழாயில் மூன்றாவது. இம்மூன்றும் சேர்ந்ததே பைபாஸ். கலம் பழுதானாலோ உப்பு தீர்ந்தாலோ முதலிரண்டையும் மூடி மூன்றாவதைத் திறந்தால் வீட்டுக்குத் தண்ணீர் நிற்காது. கலத்தை ஒட்டி இருபக்கமும் யூனியன் என்னும் திருகிப் பிரிக்கும் இணைப்பு இருந்தால், குழாயை அறுக்காமலே கலத்தைத் தூக்கிவிடலாம். கலத்துக்கு முன்னும் பின்னும் சிறிய மாதிரிக் குழாயும் அழுத்தமானியும் வைத்தால், எது அடைத்திருக்கிறது, எது வேலை செய்யவில்லை என்பது நின்ற இடத்திலேயே தெரியும். சப்மெர்சிபிள் மோட்டார் ஓடும்போது வால்வுகள் எல்லாம் மூடியிருந்தால் அழுத்தம் எகிறி இணைப்பு பிய்த்துக்கொள்ளும். அழுத்தம் எல்லை கடந்தால் தானே திறக்கும் வால்வு ஒன்றும், மேலேறிய நீர் திரும்பி இறங்காமல் தடுக்கும் என்ஆர்வி ஒன்றும் டெலிவரி லைனில் இருக்க வேண்டும். கருவியை விற்ற நிறுவனத்தின் ஆள் இன்லெட்டும் அவுட்லெட்டும் எங்கே என்று மட்டும் கேட்பார். பிளம்பரோ இரண்டு முனைகளை நீட்டிவிட்டுப் போயிருப்பார். இருவரின் வேலைக்கும் நடுவே விழுந்து காணாமல் போவது இந்தப் பைபாஸ்தான்.

இரும்பும் குளோரினும்

இறைத்தபோது தெளிவாக இருந்து, வாளியில் அரைமணி நின்றதும் மஞ்சளாகிச் செம்பழுப்பாக அடியில் தங்கும் தண்ணீரில் இரும்பு இருக்கிறது. நிலத்தடியில் காற்றுப் படாமல் கரைந்த நிலையில் இருந்த இரும்பு, காற்றிலுள்ள ஆக்சிஜன் பட்டவுடன் துருவாகப் பிரிவதே இந்த நிறமாற்றம். இத்தகைய நீரை நேரே சாஃப்ட்னருக்குள் விட்டால் துரு மணிகளைப் போர்த்திச் சில மாதங்களிலேயே ரெசினை வீணாக்கிவிடும். ஆகவே மணல் வடிப்பான் முதலில், மாங்கனீசு டைஆக்சைடு பூசிய மணிகள் கொண்ட இரும்பு நீக்கி அடுத்து, சாஃப்ட்னர் மூன்றாவது என்னும் வரிசையை மாற்றக்கூடாது.

கரித்தூள் வடிப்பானைப் பற்றிய தவறு இதைவிட நுட்பமானது. குளோரின் வாடையையும் நிறத்தையும் உறிஞ்சும் இந்த வடிப்பானை, தண்ணீர் முழுவதும் நன்றாக இருக்கட்டும் என்று சிலர் சம்ப்புக்கும் தொட்டிக்கும் இடையிலேயே பொருத்துகிறார்கள். மெட்ரோ தண்ணீரில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும் என்று தரம் சொல்வது, குழாயிலும் தொட்டியிலும் கிருமி பெருகாமல் அது காக்கும் என்பதால்தான். அதை வழியிலேயே பிடுங்கிவிட்டு வெதுவெதுப்பான மாடித் தொட்டியில் நீரை இரண்டு நாள் வைத்திருப்பது, கிருமிகளுக்கு இடம் ஒழித்துத் தருவதாகும். கரித்தூள் வடிப்பானின் இடம் கடைசிக் குழாய், அதாவது சமையலறை.

சமையலறைச் சுவரில் தொங்கும் ஆர்ஓ கருவி, நீரை அழுத்தி ஒரு மெல்லிய சவ்வின் வழியே புகுத்தி உப்பைப் பின்னே நிறுத்துகிறது. நடைமுறைக்கு ஏற்ற முதல் சவ்வை 1950-களின் இறுதியில் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் உருவாக்கியவர்கள் சிட்னி லோப், ஸ்ரீனிவாச சௌரிராஜன் என்னும் இருவர். திருக்கண்ணபுரத்துப் பெருமாளின் பெயரைத் தாங்கிய பின்னவரை, அந்தக் கருவியை அன்றாடம் திறந்து மூடும் தமிழ் வீடுகள் அறிவதில்லை. உள்ளே வரும் நீரில் கால்பங்கோ மூன்றில் ஒரு பங்கோதான் நல்ல நீராகிறது. எஞ்சியது உப்புச் செறிந்த கழிவாக மெல்லிய குழாயில் கழுவுதொட்டிக்குப் போய்விடும். 1,000 டிடிஎஸ் உள்ள போர் தண்ணீரை விட்டால் கழிவுநீர் 1,400-ஐ ஒட்டி இருக்கும். கழிப்பறைக்கும் தரை துடைக்கவும் அது போதுமாதலால், அந்தக் குழாயை ஒரு மூடிய தொட்டிக்குத் திருப்புவது சிறு வேலைதான். 2019-ஆம் ஆண்டு மே மாதம் தேசிய பசுமைத் தீர்ப்பாயம், டிடிஎஸ் 500-க்குக் குறைந்த நீருக்கு ஆர்ஓ கருவியைத் தடைசெய்யுமாறு கூறியது இந்த வீணாதலை முன்னிட்டே. ஏரிநீரிலிருந்து வரும் மெட்ரோ தண்ணீர் பெரும்பாலும் அந்த அளவுக்குள் அடங்கும். தனிக்குழாயில் அது சமையலறைக்கு வந்துவிடும் வீட்டில் கரித்தூள் வடிப்பானும் புறஊதா விளக்கும் போதும், அல்லது பழைய வழியில் கொதிக்கவைத்தால் போதும். போர் தண்ணீரையே குடிக்கவேண்டிய வீட்டில் ஆர்ஓவைத் தவிர்க்க முடியாது. சாஃப்ட்னரைக் கடந்து வந்த நீரை அதற்கு ஊட்டினால் சுண்ணாம்பு படியாமல் சவ்வு நெடுநாள் உழைக்கும், ஏறிய சோடியமும் அங்கே நீங்கிவிடும்.

கழிவுநீரின் போக்கிடம்

ரெசினைப் புதுப்பிக்கும்போது வெளியேறும் நீர், கால்சியம் குளோரைடும் எஞ்சிய உப்பும் நிறைந்த கரிப்பு நீர். பாதாளச் சாக்கடை இணைப்புள்ள தெருவில் அதைச் சாக்கடையில் விடலாம். இணைப்பு வராத தெருக்களில் அது கழிவுநீர்த் தொட்டிக்கோ, அதைவிட மோசமாக மழைநீர்ச் சேகரிப்புக் குழிக்கோ போகிறது. தமிழகம் முழுவதும் மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது 2003-இல். அந்தக் குழியின் வழியே மாதம் 30 கிலோ உப்பை நிலத்துக்குள் இறக்கும் வீடு, தன் போரையும் அடுத்த வீட்டுப் போரையும் சேர்த்துக் கெடுக்கிறது. வடிகுழாயின் முனையைச் சாக்கடைக்குள் அமிழ்த்தாமல், குழாயின் விட்டத்தைப்போல் இரு மடங்கு இடைவெளி விட்டு மேலே நிறுத்த வேண்டும். மோட்டார் நின்று குழாயில் உறிஞ்சல் ஏற்பட்டாலும் சாக்கடைநீர் கலத்துக்குள் ஏறாமல் தடுப்பது அந்த இடைவெளிதான்.

தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள தெருக்களுக்குத் தனியாக ஓர் எச்சரிக்கை தேவை. 1960-களில் அம்பத்தூரில் உருவான தொழிற்பேட்டையும் பின்னர் பெருகிய பட்டறைகளும், கழிவுநீர் கலந்து கெட்டதாகப் பசுமைத் தீர்ப்பாயம்வரை வழக்கு சென்ற கொரட்டூர் ஏரியும் அருகில் இருக்க, அங்குள்ள போர் தண்ணீரில் சுண்ணாம்பு மட்டுமே சிக்கல் என்று முடிவுகட்ட முடியாது. கையடக்க டிடிஎஸ் மீட்டர் நீரின் மின்கடத்துதிறனை அளந்து உப்பை மதிப்பிடுகிறதே தவிர, ஈயத்தையோ குரோமியத்தையோ மலக்கிருமியையோ அதனால் அறிய முடியாது. விற்பனையாளர் மேசைமேல் வைத்து, மின்சாரம் பாய்ச்சி நீரைக் கறுப்பாக்கிக் காட்டும் சோதனையும் பொருளற்றது. அதில் கறுப்பது பெரும்பாலும் கரைந்த மின்முனையின் இரும்புதான். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகங்களும் கிண்டியிலுள்ள கிங் நிலையமும் கட்டணம் பெற்று நீரைப் பரிசோதிக்கின்றன. கிருமிச் சோதனைக்குரிய மாதிரியைக் கொதிநீரில் தூய்மையாக்கிய அல்லது ஆய்வகம் தரும் புட்டியில் பிடித்து, குளிர்ச்சியாக வைத்து, அன்றே சேர்ப்பிக்க வேண்டும். நிலத்தடி நீர்மட்டம் மாறும்போது உப்பும் மாறுமாதலால், கோடையின் உச்சியில் ஒருமுறையும் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் ஒருமுறையும் பார்த்துவிட்டு, கூடிய எண்ணைக் கொண்டு கலத்தின் அளவைத் தீர்மானிப்பதே சரி.

அடுக்ககங்களில் இதே கணக்கு பெரிதாகிறது. ஐம்பது வீடுகளுக்குப் பொதுவான சாஃப்ட்னர் கீழே நிற்க, உப்பு வாங்கும் பொறுப்பு காவலாளியிடம் இருக்கும். அவர் மாறும்போது புதுப்பிக்கும் முறையும் மறந்துவிடும். சொட்டுச்சொட்டாகக் கரைசல் விட்டு நிறமாற்றத்தைப் பார்க்கும் கடினத்தன்மைச் சோதனைப் பெட்டி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. கலத்துக்குப் பின்னுள்ள மாதிரிக் குழாயில் வாரம் ஒருமுறை பார்த்து, எண்ணைச் சுவரில் தொங்கும் நோட்டில் எழுதிவைக்கும் சங்கங்களில் ரெசின் ஐந்தாறு ஆண்டுகளுக்கு மேலும் உழைக்கிறது. நோட்டு இல்லாத இடங்களில், கீஸர் வெடித்த பிறகுதான் உப்புத் தொட்டி எந்த மாதத்திலிருந்து காலியாக இருந்தது என்ற விசாரணை தொடங்குகிறது.